சாரலில் திணறும் பழைய இன்ஜின்: பெட்ரோல் எங்கே தடைபடுகிறது?

பைக், புல்வெட்டி, மோட்டார் படகு - மூன்றுக்கும் பொருந்தும் எளிய சோதனைகள்

குற்றாலம் ஐந்தருவி சாலையில், வெண்ணமடைக் குளத்துப் படகுக் குழாமுக்கு நீங்கள் போயிருக்கலாம். சீசனில் குளம் நிரம்பியதும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே படகு சவாரியைத் தொடங்கும். மிதி படகு, துடுப்புப் படகு இரண்டுக்குமே பெட்ரோல் கவலை கிடையாது. கால் வலித்தால் கொஞ்சம் ஓய்வு, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் குளத்துக்கு நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பழைய பைக்கின் கதை வேறு. போன சீசனில் அப்பாவின் பழைய 100 சிசி பைக்கில் தென்காசியில் இருந்து கிளம்பினேன். நல்ல சாரல். டேங்க் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கிவிடக் கூடாதே என்று பாலிதீன் பையை மூடிமேல் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தேன். மூன்று கிலோமீட்டர் தாண்டியதும் வண்டி இழுக்காமல் திணறி நின்றது. ஐந்து நிமிடம் கழித்து உதைத்தால் கிளம்பியது. ஒரு கிலோமீட்டரில் மறுபடியும் நின்றது. பிளக்கை மாற்றினேன், ஏர் ஃபில்டரைத் துடைத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு மெக்கானிக் அந்தப் பாலிதீன் பையைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு, "இனி ஓட்டுங்க தம்பி" என்றார். அதற்கப்புறம் வண்டி நிற்கவே இல்லை.

அந்தப் பை என்ன செய்தது? அதைப் புரிந்துகொண்டால், பழைய பெட்ரோல் இன்ஜின்கள் பெட்ரோல் கிடைக்காமல் நிற்பதற்கான காரணங்களில் பாதி புரிந்துவிடும். தோட்டத்துப் புல்வெட்டி, முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயர், கடலோரத்து ஃபைபர் படகில் இருக்கும் அவுட்போர்டு இன்ஜின் என எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே.

பெட்ரோல் போகும் வழி

டேங்க், பெட்ரோல் டேப், ரப்பர் குழாய், ஃபில்டர், கார்புரேட்டர், இன்ஜின். கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் வரிசை இதுதான். கார்புரேட்டரின் அடியில் சிறு கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதில் தேங்கும் பெட்ரோலைத்தான் இன்ஜின் உறிஞ்சுகிறது. கிண்ணம் காலியாகக் காலியாக மேலிருந்து நிரம்ப வேண்டும். நிரம்பும் வேகம் குறைந்தால் வண்டி மெதுவாகப் போகும்போது ஓடும், மேடு ஏறும்போதோ வேகம் பிடிக்கும்போதோ திணறும்.

டேங்கில் இருந்து பெட்ரோல் இறங்க வேண்டுமானால், அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக டேங்க் மூடியில் மிகச் சிறிய துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்க மறுக்கும். வண்டி நின்ற பிறகு காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால் கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பும். என் பாலிதீன் பை செய்த வேலை இதுதான். சேறு, தூசி, துரு இவற்றாலும் அதே துளை அடைபடும்.

முதலில் பாதுகாப்பு

எந்தச் சோதனைக்கும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

- வண்டியைச் சாலையை விட்டு ஓரமாக, திறந்த வெளியில் நிறுத்துங்கள். இன்ஜின் ஆறும்வரை பொறுங்கள். சூடான சைலன்சரில் பெட்ரோல் பட்டால் தீப்பிடிக்கலாம்.
- பீடி, சிகரெட், விளக்கு எதுவும் அருகில் வேண்டாம்.
- குழாயை வாயில் வைத்து பெட்ரோலை உறிஞ்சவே உறிஞ்சாதீர்கள். ஒரு சிறு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.
- தீ என்றால் விலகி நின்று 112 அல்லது 101-ஐ அழையுங்கள்.

பெட்ரோலா, ஸ்பார்க்கா? முதலில் பிரித்துப் பாருங்கள்

மழையில் நிற்கும் வண்டிக்கெல்லாம் பெட்ரோல்தான் காரணம் என்றில்லை. பிளக் மூடிக்குள் தண்ணீர் இறங்கினாலும் வண்டி நிற்கும். இரண்டையும் பிரித்தறிய மூன்று அடையாளங்கள்:

நின்ற விதம்: சட்டென்று, சுவிட்சை அணைத்தது போல நின்றால் பெரும்பாலும் ஸ்பார்க் கோளாறு. இழுவை குறைந்து, திணறித் திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் கோளாறு.

சோக் சோதனை: சோக்கை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோலின் பங்கு கூடும். சூடாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திணறும்போது சோக்கை இழுத்ததும் நன்றாக ஓடினால், பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை என்று அர்த்தம்.

பிளக் முனை: பலமுறை உதைத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது. கோளாறு ஸ்பார்க்கில் இருக்கலாம், அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்திருக்கலாம்.

வரிசையாக ஐந்து சோதனைகள்

செலவில்லாத சோதனையில் இருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்றே தெரியாது. நாளைக்கு அதே கோளாறு திரும்ப வரும்.

1. டேப்பும் ரிசர்வும்: டேப் திறந்திருக்கிறதா? டேங்கைத் திறந்து கண்ணால் அளவைப் பாருங்கள், பழைய மீட்டர் முள்ளை நம்ப வேண்டாம். சாதாரண நிலையில் நன்றாக ஓடிய வண்டி ரிசர்வுக்கு மாற்றியதும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் டேங்கின் அடியில் தண்ணீரோ துருவோ தேங்கியிருக்கிறது. ரிசர்வ் வழி டேங்கின் அடிமட்டத்தில் இருந்து எடுப்பதால் அந்தக் கசடு முதலில் வந்துவிடும்.

2. மூடி: வண்டி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி கிளம்பினால் காரணம் மூடியின் துளை. மெல்லிய கம்பியால் சுத்தம் செய்தால் போதும். மழைக்காகப் பாலிதீன் கட்டுவதானால் இறுக்கிக் கட்டாதீர்கள். மூடியின் ரப்பர் வாஷரை மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. பல பைக்குகளில் மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீர் வெளியேற ஒரு சிறு வடிகால் துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் டேங்குக்குள் கசியும். அதையும் பாருங்கள்.

3. கிண்ணத்து பெட்ரோல்: கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, வரும் பெட்ரோலை ஒரு சிறு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரண்டு நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகவோ முத்து முத்தாகவோ ஏதாவது நின்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. பழுப்புத் தூள் தெரிந்தால் டேங்கில் துரு. ஒன்றுமே வரவில்லை என்றால் அடைப்பு மேலே இருக்கிறது.

4. குழாய் ஓட்டம்: கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறங்கள். சீராக ஒழுகினால் அதுவரை வழி சரி. முதலில் வந்து பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் மூடித் துளையையும் டேப்பின் வலையையும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இன்ஜின் உறிஞ்சும்போது மட்டும் திறக்கும் வகை டேப் சில ஸ்கூட்டர்களிலும் பைக்குகளிலும் உண்டு. அவற்றில் இன்ஜின் ஓடாதபோது பெட்ரோல் வராது. அது கோளாறு இல்லை.

5. ஃபில்டரும் குழாயும்: குழாயின் நடுவே இருக்கும் ஃபில்டர் கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான். ரப்பர் குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, கொழகொழவென்று இளகியிருந்தாலோ புதிது போடுங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் ஜெட், ஃப்ளோட், நீடில் என்று கார்புரேட்டருக்குள் போக வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். "சார், கிண்ணத்துல பெட்ரோல் வருது, தண்ணி இல்ல, மூடி சரியா இருக்கு" என்று சொல்லிக் கொடுத்தால் அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் செலவு மிச்சம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. எரிபொருள் அழுத்தத்துடன் பீய்ச்சப்படுகிறது. அந்தக் குழாயை நீங்களே கழற்ற வேண்டாம். சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் பம்பு ஓடும் மெல்லிய சத்தம் இரண்டு மூன்று நொடி கேட்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். கேட்கவில்லை என்றால் சர்வீஸ் சென்டர்தான்.

எத்தனாலும் மழைத் தண்ணீரும்

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, படிப்படியாக நாடு முழுவதும் வந்துவிட்டது. வெறும் பெட்ரோலும் தண்ணீரும் கலப்பதில்லை. ஆனால் எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் அது கரைந்து இன்ஜின் வழியே போய்விடும். அளவு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலில் இருந்து பிரிந்து டேங்கின் அடியில் தனி அடுக்காக உட்காரும். இன்ஜின் அந்த அடுக்கைத்தான் முதலில் உறிஞ்சும். அதில் அது ஓடாது.

அதனால்தான் அடியில் தெரியும் அடுக்கு, உள்ளே போன மழைத் தண்ணீரின் அளவைவிட அதிகமாக இருக்கும். "இவ்வளவு தண்ணியா ஊத்தினாங்க?" என்று பங்க் ஊழியரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். அதே நேரம், பெட்ரோல் போட்ட சில நிமிடங்களிலேயே, மழையே இல்லாத நாளில், உங்கள் வண்டியோடு வேறு வண்டிகளும் நின்றால் சந்தேகப்படுவது நியாயம்தான்.

பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் வழக்கமான சர்வீஸின்போது மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே தெரிவித்துள்ளது. உங்கள் வண்டி பழையது என்றால் அடுத்த சர்வீஸில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

மோட்டார் படகு வைத்திருப்பவர்களுக்கு

அணைக்கட்டிலோ கடலோரத்திலோ பழைய அவுட்போர்டு இன்ஜின் வைத்திருப்பவர்களும், நீளமான மிதவைகள்மேல் தட்டையான தளம் போட்ட பான்டூன் படகு ஓட்டுபவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம். படகில் டேங்க் இன்ஜினுக்குக் கீழே இருப்பதால், பெட்ரோல் தானாக இறங்காது, உறிஞ்சித்தான் மேலே போக வேண்டும். அதனால் குழாயில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமல், காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத கோளாறு அது.

குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் கைப்பம்பே உங்களுக்கு விடை சொல்லிவிடும்:

- இன்ஜின் ஓடும்போது கைப்பம்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால், அடைப்பு டேங்கின் பக்கம். டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்தீர்களா என்று முதலில் பாருங்கள்.
- எவ்வளவு அமுக்கினாலும் கைப்பம்பு கெட்டியாகவே இல்லையென்றால், குழாயிலோ இணைப்பிலோ காற்று புகுகிறது, அல்லது கைப்பம்பின் வால்வு போய்விட்டது. கைப்பம்பில் உள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் நோக்கியிருக்க வேண்டும்.
- அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால், இன்ஜினில் உள்ள எரிபொருள் பம்பைச் சந்தேகப்படுங்கள். சிறு காற்றுக் கசிவும் இதே அறிகுறியைக் காட்டும்.

எல்லாவற்றையும்விட எளிய சோதனை: நல்ல குழாயோடு வேறொரு சிறு டேங்கில் புது பெட்ரோல் ஊற்றி இணைத்துப் பாருங்கள். நன்றாக ஓடினால் கோளாறு பழைய டேங்கிலோ குழாயிலோதான்; இன்ஜினில் கை வைக்கவே தேவையில்லை.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில், மூடிய அறைகளில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். வாசனை வந்தால் எல்லாவற்றையும் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே இன்ஜினைத் தொடுங்கள்.

பயணியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடுத்தண்ணீரில் இன்ஜின் நின்றால் எழுந்து ஒரே பக்கமாகக் கூடாதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். 2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதற்கு இன்ஜின் காரணமல்ல. ஆனால் எடை ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பழிவாங்கும் என்பதை நம் பக்கத்து மலையிலேயே காட்டிய விபத்து அது. மிதி படகோ மோட்டார் படகோ, லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் மேலேயே சந்தேகம் வந்தால்: உங்கள் உரிமைகள்

அளவுச் சோதனை: ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். நீங்கள் கேட்டால் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம்.

ஃபில்டர் தாள் சோதனை: தாளில் ஒரு சொட்டு பெட்ரோல் விடுங்கள். சுமார் இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். அடர்ந்த கறை மிஞ்சினால் கலப்பட சந்தேகம். லேசான இளஞ்சிவப்பு என்றால் அது பெட்ரோலில் உள்ள சாயம்தான். இந்தச் சோதனை தண்ணீரைக் காட்டாது என்பதை மறக்காதீர்கள்; அதற்குக் கண்ணாடிப் பாட்டில்தான்.

அடர்த்திச் சோதனை: அன்றைய அடர்த்தி பங்கில் எழுதப்பட்டிருக்கும். சோதித்துக் காட்டும்படி கேட்கலாம்.

ஆதாரம் திரட்டுங்கள்: பில், நேரம், எந்த நாசில், பாட்டிலில் தெரியும் அடுக்கின் புகைப்படம். இவை இல்லாத புகார் நிற்காது. மெக்கானிக்கிடம் செலவு செய்திருந்தால் அந்த ரசீதையும் வையுங்கள்.

புகார் எங்கே?

- முதலில் பங்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். எண்ணெய் நிறுவன அதிகாரியின் எண் அங்கேயே பலகையில் இருக்கும்.
- அளவு குறைவு என்றால் தொழிலாளர் துறையின் கீழ் வரும் சட்டமுறை எடையளவு அலுவலர்களிடம் புகார் கொடுக்கலாம்.
- தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப் எண் 88000 01915. உமங் செயலியிலும் பதியலாம்.
- மாநில அரசுத் துறைகள் சார்ந்த குறை என்றால் முதல்வரின் முகவரி, எண் 1100.
- இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் மொபைலிலேயே மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.

சீசன் முடிந்ததும் செய்ய வேண்டியவை

மாதக்கணக்கில் நிற்கப் போகும் பைக், ஸ்பிரேயர், புல்வெட்டி, படகு எதுவானாலும் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். நாள்பட்ட பெட்ரோல் பிசுபிசுத்து ஜெட்டை அடைக்கும். ஆயில் கலந்த பெட்ரோலைத் தனிக் கேனில், பெயர் எழுதி வையுங்கள். தண்ணீர்ப் பாட்டிலில் பெட்ரோல் வைக்கவே வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வடித்தெடுத்த கெட்ட பெட்ரோலைச் சாக்கடையிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். இங்கே எந்த ஓடையில் ஊற்றினாலும் அது கடைசியில் சிற்றாற்றில்தான் சேரும். அந்தத் தண்ணீரைத்தான் வயலுக்கும் வீட்டுக்கும் எடுக்கிறோம். பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

அடுத்த முறை சாரலில் வண்டி திணறினால் உதைத்து உதைத்துக் கால் வலிக்க வேண்டாம். ஓரமாக நிறுத்துங்கள், டேங்க் மூடியைத் திறந்து காதை வையுங்கள். 'உஸ்' என்றால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பக்கத்தை மொபைலில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் சிக்னல் எப்போதும் கிடைக்காது.